றெமிஜியஸ் மாஸ்டர் கொலிஜுக்குத் திரும்புகிறாராம்

றெமிஜியஸ் மாஸ்டர் ஸ்காபரோவில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடிகளுக்குச் சட்டம் பூட்டுகிறவர். காலை வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் மேற்குப் பக்கம் போவார். அங்கே இத்தாலியர் கழகம் ஒன்றின் உதைபந்தாட்ட அணிக்கு அவர் உதவிப் பயிற்றுநர். அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆகவே அது தொழில்முறை அணி. மாஸ்டருக்கும் சம்பளம் உண்டு. ஆகவே அவர் தொழில்முறைப் பயிற்றுநர். ரொறன்ரோத் தமிழர்களில் அப்படி இருப்பவர் அவர் ஒருவர்தான் என்று ஒரு தமிழ்ப் பேப்பர் எழுதியது. மற்றப் பேப்பர்கள் அதை மறுக்கவில்லை.

உதவிப் பயிற்றுநரின் வேலை பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்குவது, ஆட்டக்காரர்களை ஓடவிட்டுச் சூடாக்குவது, அடுத்த வாரம் எதிர்த்து ஆடப்போகும் அணியின் ஆட்டத்தை முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது. சொன்னதைத் தலைமைப் பயிற்றுநர் கேட்டுக்கொள்வார். ஆடப்போகும் பதினொரு பேரைத் தெரிந்தெடுப்பது அவர். பெயர்களை எழுதி முடித்த பிறகு தாளை மாஸ்டரிடம் காட்டுவார். அது மரியாதை.

இது நடந்த தொண்ணூற்றேழில் மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டையான ஆள். மைதானத்தில் அவர் சத்தம் போட்டதை யாரும் கேட்டதில்லை. ஓர் ஆட்டக்காரன் பிழையான இடத்தில் நின்றால் ஆட்டத்தை நிறுத்தி, நடந்து போய், அவனுடைய இரண்டு தோள்களையும் பிடித்து, அலுமாரியை நகர்த்துவதுபோல நிற்கவேண்டிய இடத்துக்கு நகர்த்திவிட்டு வருவார். இத்தாலியர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு கல்லூரியில் கணிதமும் உதைபந்தும் படிப்பித்தவர். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் அதன் பெயரைச் சொல்வது குறைவு. கொலிஜ் என்பார்கள், உலகத்தில் வேறு கொலிஜ் இல்லை என்பதுபோல. மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர்களும் தங்களுடையதைக் கொலிஜ் என்றுதான் சொல்கிறார்கள். இதனால் குழப்பம் வருவதில்லை. ஒரு கொலிஜ்காரர் மற்றக் கொலிஜின் கூட்டத்துக்குப் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் பதினொரு பேரையும் மாஸ்டரே தெரிந்தெடுத்தார். எண்பத்தேழில் சண்டை வந்து மைதானம் இராணுவ முகாமானது. அந்த வருடத்துக்கு அவர் எழுதிய பதினொரு பேரில் ஒருவரும் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. எண்பத்தொன்பதில் கனடாவுக்கு வந்தார். மனைவி றீற்றாவும் மகள் ஜூலியும் இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். பிறகு ரூஜ் பக்கம் ஒரு வீடு வாங்கினார்கள். வீட்டைக் கட்டியவர்கள் சுற்றவரப் புல்லுப் போட மறந்திருந்தார்கள். மாஸ்டரே போட்டார்.

கொலிஜின் பழைய மாணவர் சங்கத்துக்கு ரொறன்ரோவில் ஓர் அணி இருந்தது. ஆவணி மாத நீண்ட வார இறுதியில் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஸ்காபரோப் பூங்கா ஒன்றில் கூடிப் பந்தடிப்பார்கள். மாஸ்டர் வந்த புதிதில் இரண்டு கோடைகள் அந்த அணியைப் பழக்கினார். மூன்றாவது கோடையில் சங்கத் தலைவர் சிவபாதம் வீட்டுக்கு வந்தார். சிவபாதம் ஆயுள் காப்புறுதி விற்பவர். எதையும் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஆறுதலாகத்தான் சொல்வார்.

“மாஸ்டர், எட்டுப் பேரை நீங்கள் தெரியுங்கோ. மிச்ச மூண்டு பேரையும் கொமிற்றி தெரியும்.”

“ஏன் மூண்டு?”

“கொமிற்றியிலை ஏழு பேர் இருக்கினம், மாஸ்டர், ஏழு பேருக்கும் மருமக்கள் இருக்கினம். ஏழிலையிருந்து மூண்டுக்குக் கொண்டு வந்ததே பெரும் பாடு.”

மாஸ்டர் அந்தக் கோடையோடு விலகினார். சண்டை பிடிக்கவில்லை. விசிலையும் பந்துகளையும் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்ச் சிவபாதத்தின் காப்புறுதிக் கந்தோரில் வைத்துவிட்டு வந்தார். பிறகு பயிற்றுநர்களுக்கான வகுப்புக்குப் போனார். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினார். சான்றிதழோடு நகரத்தின் கழகங்களுக்கெல்லாம் எழுதினார். ஒன்று பதில் எழுதியது. அதுதான் இத்தாலியர் கழகம்.

தொண்ணூற்றேழு வைகாசியில் அந்தக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் மகளோடு இருக்கப்போவதாகச் சொல்லிக் கல்கரிக்குப் போய்விட்டார். கழகத்தின் தலைவர் கார்மைன், தரையில் பதிக்கும் ஓடு விற்கும் வியாபாரி. அவர் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். கார்மைனின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு. மாஸ்டருடையதில் மற்றவை குறைவு.

“இரண்டு பேர்தான் என் மனதில்,” என்றார் கார்மைன். “ஹமில்டனில் ஒருவன். இத்தாலியில் ஆடியவன். மற்றது நீ. ஆனி முடிவில் சொல்வேன். அதுவரை ஒருவரிடமும் மூச்சு விடாதே.”

மாஸ்டர் றீற்றாவிடம் மட்டும் சொன்னார். றீற்றா முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்பார்.

“பதினொரு பேரையும் நீங்களே தெரியலாமோ?”

“ஓம்.”

“கொமிற்றி?”

“இல்லை.”

“கார்மைனுக்கு மருமக்கள் இல்லையோ?”

“கனபேர் இருக்கினம். ஒருத்தனும் பந்தடிக்கிறேல்லை.”

றீற்றா சிலுவை போட்டுக்கொண்டார்.

இத்தாலியர் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் போய்விட்டார் என்ற செய்தி ஸ்காபரோவுக்கு வர ஒரு வாரம் பிடித்தது. வந்து சேர்ந்தபோது, கழகம் கலைகிறது, மாஸ்டருக்கு வேலை போகிறது, ஆகவே அவர் கொலிஜுக்குத் திரும்புகிறார் என்று ஆகியிருந்தது. கொலிஜ் தொடர்ந்து மூன்று ஆவணிகள் தன் பழைய போட்டியாளரான மற்றக் கொலிஜிடம் தோற்றிருந்தது. நாலாவது முறையும் தோற்பதைவிட மாஸ்டர் திரும்பி வருவதை நம்புவது சுலபமாக இருந்தது.

ஆதாரங்கள் சேர்ந்தன. ரூஜில் கொலிஜ் அணி பழகும் பூங்காவின் வேலிக்கு வெளியே மாஸ்டர் ஒரு மணித்தியாலம் நின்றதைக் கண்டவர்கள் இருந்தார்கள். நின்றது உண்மை. வீதிக்கு அந்தப் பக்கம் அவருடைய காருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில் ஒரு பிள்ளை முதல் நன்மை எடுத்ததற்கான விருந்து ஒன்றில் சிவபாதம் ஏதோ சொல்ல மாஸ்டர் சிரித்தார். தமிழ்க் கடையில் றீற்றா ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினார். இது எதைக் காட்டுகிறது என்று ஒருவரும் விளக்கவில்லை, ஆனால் எல்லோரும் சொன்னார்கள்.

தொலைபேசி ஓயவில்லை.

“மாஸ்டர், கொலிஜுக்கு வாறீங்களாம்?”

“இல்லை.”

“விளங்குது மாஸ்டர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ஏன் இல்லை என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கார்மைனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காரணம் இல்லாத மறுப்பு ஊரில் செல்லவில்லை.

ஜூலிக்குப் பதினேழு வயது. தொலைபேசியை முதலில் எடுப்பது அவள்தான்.

“அப்பா, ஜஸ்ட் சே நோ.”

“அதைத்தான் சொல்லுறன், பிள்ளை.”

“தென் சே யெஸ். அப்ப விட்டிடுவினம்.”

மாஸ்டர் அதையும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் அச்சடிப்பது, பிறகு கேட்பது. பிரதம விருந்தினர், கௌரவ விருந்தினர், வாழ்த்துரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் இதுதான் ஒழுங்கு. கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். பெயரைப் போட்டுவிட்டால் வருவார்கள். அதுவரை வராமல் விட்டவர் ஒருவர்தான். அவர் நோட்டீஸ் அச்சாக முன்பே இறந்துவிட்டார். சங்கத்துக்குத் தெரியாது.

ஆனி இரண்டாம் வெள்ளிக்கிழமை தமிழ்ப் பேப்பரில் ஒரு முழுப்பக்கம் வந்தது. மேலே கொலிஜின் சின்னம். நடுவில் விருந்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டிய மாஸ்டரின் முகம். தோளில் யாரோ ஒருவருடைய கை மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே: “தாய்மடி திரும்பும் தனிப்பெரும் பயிற்றுநரை வாழ்த்தி வரவேற்கிறோம்.” வரும் ஞாயிறு பாராட்டு விழா. பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பவர், தலைவர் சிவபாதம். அனைவரும் வருக.

கொலிஜின் பழைய மாணவன் கிருபன் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்தான். கிருபன் கார்மைனின் தரையோட்டுக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மாஸ்டரிடம் கணிதம் படித்தவன், அவர் மீது பெரிய பற்று உள்ளவன். பக்கத்தைச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டினான். மத்தியானம் கார்மைன் தன்னுடைய பாஸ்தாவைச் சூடாக்க வந்தார்.

“இது என்னுடைய ஆள் அல்லவா?”

“உங்களுடைய ஆள்தான்,” என்றான் கிருபன்.

“என்ன எழுதியிருக்கிறது?”

கிருபன் மொழிபெயர்த்தான். தங்கள் மாஸ்டர் எவ்வளவு வேண்டப்பட்டவர் என்று முதலாளி அறியட்டும் என்பது அவன் எண்ணம். ஆகவே எழுதாததும் கொஞ்சம் சொன்னான். விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். கொலிஜ் கனடாவையும்விடப் பழையது. கார்மைன் எல்லாவற்றையும் கேட்டார். பாஸ்தா சூடாகி முடிந்து மணி அடித்தும் எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் கிருபன் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தான்.

“மாஸ்டர், முதலாளியிட்டை உங்களைப் பற்றி வடிவாச் சொல்லியிருக்கிறன்.”

“என்ன சொன்னனீ?”

அவன் சொன்னான். மாஸ்டர் கேட்டுவிட்டு, “சரி,” என்று வைத்தார். சாப்பிடாமல் காரை எடுத்தார்.

கார்மைன் கழகத்தின் சிறிய அறையில் இருந்தார். சுவரில் பழைய அணிகளின் படங்கள். எல்லாவற்றிலும் எல்லோரும் கைகட்டி நின்றார்கள்.

“இது உண்மை இல்லை,” என்றார் மாஸ்டர்.

“ஏன் அச்சடித்தார்கள்?”

“அவர்கள் அச்சடித்துவிட்டுத்தான் கேட்பார்கள்.”

“உன்னைக் கேட்டார்களா?”

“இன்னும் இல்லை.”

“உங்கள் ஊரில் பெண்ணைக் கேட்காமல் கலியாணக் கார்ட் அடிப்பார்களா?”

மாஸ்டர் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். “சில வீடுகளில்,” என்றார்.

கார்மைன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தான் நம்புவதாகவும், ஆனால் கழகத்தில் முடிவு எடுக்கத் தன்னோடு இன்னும் நாலு பேர் இருப்பதாகவும் சொன்னார். தலைமைப் பயிற்றுநருக்கு இரண்டு அணி இருக்க முடியாது. அச்சில் வந்ததை அச்சில் மறுத்தால் அவர்களிடம் காட்டலாம்.

மாஸ்டர் சனிக்கிழமை சிவபாதத்தின் கந்தோருக்குப் போனார். அது ஒரு பிளாசாவில் புடவைக் கடைக்கு மேல்மாடி. மாஸ்டர் முன்பு கொண்டுவந்து வைத்த பை அதே மூலையில் இருந்தது. ஒருவரும் திறந்திருக்கவில்லை.

“வாங்கோ மாஸ்டர், வாங்கோ! பேப்பர் பாத்தனீங்களே? கலர்லை போடச் சொன்னனான். உவங்கள் கறுப்பு வெள்ளையிலை போட்டிட்டாங்கள்.”

“சிவபாதம், நான் வரமாட்டன். மறுப்புப் போடவேணும்.”

“மறுப்போ?” சிவபாதம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். “மாஸ்டர், மறுப்புப் போட்டா மற்றக் கொலிஜ்காரர் எங்களை வைச்சுச் சிரிப்பாங்களெல்லோ? மூண்டு வருஷம் தோத்துப்போட்டுத் தெருவிலை தலை குனிஞ்சு திரியிறம். இதுவும் வேணுமே?”

“என்னைக் கேட்டனீங்களே?”

“இப்ப கேக்கிறன். வாறீங்களோ?”

“இல்லை.”

“பாத்தீங்களே, முதலே கேட்டிருந்தா இல்லை எண்டுதான் சொல்லியிருப்பியள். அதுதான் கேக்கேல்லை.” சிவபாதம் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். “ஒண்டு செய்வம். விழாவுக்கு வாங்கோ. மைக் தாறன். நீங்களே சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ. பேப்பர்காரர் வருவினம், நீங்கள் சொன்னதை அப்பிடியே போடுவினம். உங்களுக்கும் பழி இல்லை, எங்களுக்கும் பழி இல்லை.”

மாஸ்டருக்கு இது நியாயமாகப் பட்டது. பேப்பர்காரர் போடுவார்கள் என்பதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

விழா ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தது. ஏழு மணிக்குத் தொடங்கியது. விளக்கு ஏற்றினார்கள். இறந்தவர்களுக்காக எழுந்து நின்றார்கள். கனடாவின் கீதத்தை ஒலிநாடாவிலும் கொலிஜ் கீதத்தை வாயாலும் பாடினார்கள். ஆயிரம் பேர் இல்லை. ஆனால் மண்டபம் நிறைந்திருந்தது. பேசியவர்கள் எல்லோரும் மாஸ்டர் தங்களைத் தோளில் பிடித்து நகர்த்திய நாளை நினைவுகூர்ந்தார்கள். அவர்களில் சிலர் கொலிஜில் பந்தே அடித்ததில்லை. றீற்றா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மாஸ்டரிடம் மைக் வந்தது.

“நான் கொலிஜ் அணிக்குப் பயிற்றுநராக வரவில்லை,” என்றார்.

கைதட்டினார்கள்.

“உண்மையாகத்தான் சொல்கிறேன். வர முடியாது. வேறு அணியில் இருக்கிறேன்.”

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “மாஸ்டர் அண்டைக்கும் இப்பிடித்தான், தன்னைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டார்!” என்றார். இன்னொருவர் விசிலடித்தார். மாஸ்டர் மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது சிவபாதம் பின்னால் வந்து பொன்னாடையைப் போர்த்தினார். அது பெரிய பொன்னாடை. மைக்கையும் சேர்த்து மூடிவிட்டது.

அடுத்த வெள்ளி பேப்பரில் படம் வந்தது. பொன்னாடையோடு மாஸ்டர், பக்கத்தில் சிவபாதம். “தன்னடக்கத்தோடு பொறுப்பேற்றார்” என்று கீழே எழுதியிருந்தது.

மாஸ்டர் கிருபனைத் தேடிப் போய்ப் பிடித்தார். நடந்ததை நடந்தபடி முதலாளியிடம் சொல்லச் சொன்னார். கிருபன் சொன்னான். சொல்லிவிட்டு மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தான்.

“மாஸ்டர், நீங்கள் இல்லை எண்டு சொன்னதைச் சொன்னனான். அப்ப ஏன் எல்லாரும் கைதட்டினவை எண்டு கேக்கிறார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“பிறகு ஒண்டும் சொல்லேல்லை. கொலிஜ் ரீம் எங்கை, எப்ப பழகுறது எண்டு கேட்டார். புதன்கிழமை, ரூஜிலை எண்டு சொன்னனான்.”

கடைசி இரண்டு வசனத்தையும் கிருபன் சொல்லாமல் விட்டிருந்தாலும் மாஸ்டர் புதன்கிழமை அங்கே போயிருப்பார்; சொல்லியும் போனார். கார்மைன் தன் கண்ணால் பார்க்க வருகிறார் என்பது அவருக்கு விளங்கியது. தான் அங்கே இல்லாததைப் பார்த்தால் போதும் என்று வீட்டில் இருக்கத்தான் முதலில் நினைத்தார். ஆனால் ஜனார்த்தன் தொலைபேசி எடுத்தான். கொலிஜ் அணியின் லெஃப்ற் பாக், இடது பின்பக்கத்தைக் காப்பவன். ஒஷாவாவிலிருந்து வேலை முடித்து வருகிறவன்.

“மாஸ்டர், நாளைக்கு எல்லாரும் உங்களுக்காண்டி நேரத்துக்கே வாறம். கொஞ்சப் பேர் லீவு போட்டிட்டும் வருகினம்.”

“நான் உங்கடை கோச் இல்லை, தம்பி.”

“ஓம் மாஸ்டர். ஆறு மணிக்கு நிப்பம்.”

பதினெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க, வீட்டில் இருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆறு மணிக்குப் போய், நேரில் சொல்லிவிட்டு, கார்மைன் வரமுன் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். கார்மைன் கடையை ஏழு மணிக்குத்தான் பூட்டுவார்.

“சொல்லிப்போட்டு வாறன்,” என்று றீற்றாவிடம் சொன்னார். றீற்றா சோற்றை அடுப்பில் வைத்தார்.

பூங்காவில் அவர்கள் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் சப்பாத்து மாற்றவில்லை. யன்னல் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு நின்று சொன்னார்.

“நான் உங்களுக்குக் கோச் இல்லை. ஆரும் கேட்டால் அப்பிடித்தான் சொல்லவேணும். நீங்கள் ஆடுங்கோ. நான் போறன்.”

“ஓம் மாஸ்டர்,” என்றார்கள்.

அவர் காருக்கு நடந்தார். அவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள். காரின் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜனார்த்தன் பந்துக்கு மிகக் கிட்ட நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பேருந்து திரும்பக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது. வேகமான பெடியன்; ஓடிப் பிடித்துவிடலாம் என்று நம்பி நிற்கிறான். மாஸ்டர் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார்.

போய் அவனுடைய தோள்களைப் பிடித்து ஐந்தடி பின்னுக்கு நகர்த்தினார். அவன் பின்னுக்குப் போனதும் நடுவில் நின்றவன் பிழையாகத் தெரிந்தான். அவனையும் நகர்த்தினார். அப்போது முன்னால் நின்றவன் தனித்துப் போனான்.

யாரோ வேலிப் பக்கம் இருமினார்கள். கார்மைன் தொப்பியோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மாஸ்டரின் கை ஜனார்த்தனின் தோளில் இருந்தது. கையை எடுத்தார். அது இன்னும் மோசமாகத் தெரியும் என்று பட்டது. திரும்ப வைத்தார்.

பிறகு வேலிக்குப் போனார்.

“உண்மை இல்லை என்று சொன்னாய்,” என்றார் கார்மைன்.

“ஆறு மணி வரை இல்லை.”

கார்மைன் தலையாட்டினார். கோபம் இல்லை. “நீ போகிறேன் என்று காருக்குப் போனதைப் பார்த்தேன். இன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டேன். நீ காரில் ஏறியிருந்தால் என் வேலை சுலபம்.” கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். “உன் மனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வந்தேன்.”

மாஸ்டருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அவருடைய மனம் ஓரிடத்திலும் இருக்கவில்லை. லெஃப்ற் பாக் பிழையான இடத்தில் நின்றான். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

“அந்த இடது பக்கத்துப் பையன்,” என்றார் கார்மைன். “அவன் எங்காவது ஒப்பந்தத்தில் இருக்கிறானா?”

“இல்லை.”

“நல்லவனா?”

பொய் சொல்லியிருக்கலாம். “நல்லவன்,” என்றார் மாஸ்டர். “ஐந்தடி பின்னால் நிற்கவேண்டும்.”

வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறிவிட்டது.

“சொல்லியாச்சோ?” என்றார் றீற்றா.

“சொன்னனான்.”

“பிறகு?”

“பிறகு கொஞ்சம் நிண்டிட்டன்.”

றீற்றா சோற்றைத் திரும்பச் சூடாக்கினார்.

ஆனி முடிவில் கார்மைன் ஹமில்டன்காரரை எடுத்தார். ஹமில்டன்காரர் தன்னோடு தன் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கார்மைன் மாஸ்டரை வீட்டுக்கு வந்து பார்த்து, கைகொடுத்து, குளியலறைக்குப் போதுமான தரை ஓடுகள் தந்துவிட்டுப் போனார். நல்ல ஓடுகள். ஜனார்த்தனோடு ஒப்பந்தம் எழுதினார்கள்.

அடுத்த நாளே சிவபாதம் வந்தார். இந்த முறை தேத்தண்ணி வரும்வரை காத்திருக்கவில்லை.

“மாஸ்டர், உங்கடை கழகம் உங்களை விட்டிட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. பேப்பரிலை போட்டது போட்டதுதான்.”

“பதினொரு பேரையும் நான் தெரிவன்.”

சிவபாதம் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “கொமிற்றியிலை ஏழு பேர், மாஸ்டர்...”

“பதினொரு பேர்.”

“சரி,” என்றார் சிவபாதம். பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது, வேறு வழி இல்லை. “வெளியிலை சொல்லாதேங்கோ.” கையோடு கொண்டுவந்திருந்த பையைக் கதவடியில் வைத்தார். பழைய பை. பந்துகளில் காற்று இறங்கியிருந்தது.

ஆவணி நீண்ட வார இறுதிக்கு முந்திய வியாழன், மாஸ்டர் குசினி மேசையில் தாளை வைத்து எழுதினார். பத்துப் பெயர் சுலபமாக வந்தது. இடது பின்பக்கத்துக்கு ஆள் இல்லை. பெயர் எழுதாமல் மிஞ்சிய ஏழு பேரும் கொமிற்றியின் ஏழு பேருக்கும் ஒவ்வொருவராக உறவு. ஒருவனைப் போட்டால் அந்த இடம் அவனுடைய மாமாவுடையது ஆகிவிடும்.

தொலைபேசி அடித்தது. சிவபாதம்.

“மாஸ்டர், ஜனார்த்தன் கொலிஜுக்குத் திரும்பி வாறானாம் எண்டு கதைக்கினம்?”

“இல்லை. ஒப்பந்தம் இருக்கு.”

“விளங்குது மாஸ்டர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “அவன் வருமட்டும், என்ரை தங்கச்சியின்ரை மோன் ஒருத்தன் நிக்கிறான். இடது காலாலை அடிப்பான்,” என்றார்.

“பாத்துச் சொல்லுறன்,” என்று மாஸ்டர் வைத்தார்.

“ஆர்?” என்றார் றீற்றா.

“கொமிற்றி.”

“எத்தினை பேர்?”

“ஒருத்தன்.”

“முந்தி மூண்டெல்லோ?”

மாஸ்டர் தொலைபேசியைத் திரும்ப எடுத்தார். கிருபன் வீட்டில்தான் இருந்தான்.

“கிருபன், உனக்குக் கொமிற்றியிலை ஆரும் சொந்தமோ?”

“ஒருத்தரும் இல்லை, மாஸ்டர்.”

“எந்தக் காலாலை அடிப்பாய்?”

“வலது. அதுவும் பள்ளிக்கூடத்திலை. மாஸ்டர், நான் இப்ப இருநூறு றாத்தல்.”

“சனிக்கிழமை எட்டு மணிக்கு வா. லெஃப்ற் பாக்.”

கிருபன், “மாஸ்டர், நான் ஆரின்ரை ஆள் எண்டு கேப்பினம்,” என்றான்.

“என்ரை ஆள்.”

பதினோராவது பெயரை எழுதினார். றீற்றா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கி, மேலிருந்து கீழே எல்லாப் பெயர்களையும் வாசித்தார். கடைசிப் பெயரில் கொஞ்சம் நின்றார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மற்றக் கொலிஜ்காரர் முதல் பாதி முழுவதும் கிருபனின் பக்கத்தால் வந்தார்கள். மாஸ்டர் நிற்கச் சொன்ன இடத்தில் அவன் நின்றான். அந்த இடத்தை விட்டு அவனால் வேறெங்கும் போகவும் முடியவில்லை. இரண்டாம் பாதியில் ஒருவன் அவனைச் சுற்றிக்கொண்டு போனான். சுற்ற நேரம் பிடித்தது, ஆனால் போனான். அந்த ஒரு கோலால் கொலிஜ் தோற்றது. முந்திய மூன்று வருடங்களிலும் இதைவிட மோசமாகத் தோற்றிருந்தது. ஆனால் அதை யாரும் அன்றைக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நடுவர் அணிகளின் பெயர்த் தாள்களைக் கசக்கிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். மாஸ்டர் அவருக்குப் பின்னால் நடந்து போய்த் தான் எழுதிய பதினொரு பெயர் இருந்த தாளைக் கேட்டு வாங்கினார். தொடையில் வைத்துக் கசங்கலைத் தேய்த்து எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புல்லில் மல்லாந்து கிடந்த கிருபனை எழுப்பப் போனார்.